பச்சை டிக்

காலை ஏழு மணி. நோயாளியைக் கவனிக்க வரும் அட்டெண்டர் பெண் தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்து உள்ளே வந்தபோது, வீட்டுக்கார அம்மாள் கணவரின் கட்டிலருகே நாற்காலியில் சாய்ந்தபடி செத்துப்போயிருந்தாள். முதுகுக்கும் நாற்காலிக்கும் நடுவே ஒரு வெந்நீர்ப் பை ஆறிக் கிடந்தது.

சாகப்போகிறவர் என்று ஊரே முடிவு கட்டியிருந்தது கணவரைத்தான். புற்றுநோய் எலும்புக்கு ஏறி, பெரியவர் படுத்த படுக்கையாகிப் பல மாதம். ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம் என்று ஃபோனில் ஓர் ஆப் கொடுத்திருந்தார்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை, பிளாஸ்திரிபோல் ஒரு வலி மருந்து பேட்ச்சை முதுகில் ஒட்ட வேண்டும். ஒட்டியதைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். பத்துக்கு எத்தனை வலி என்று ஓர் எண்ணை அழுத்த வேண்டும். படம் போகாவிட்டால் ஃபோன் கத்திக்கொண்டே இருக்கும். போய்விட்டால் பச்சை டிக் விழும்.

சான்றிதழ் கொடுக்க வந்த டாக்டர் விவரமானவர். அம்மாளின் கண்பாவை குண்டூசி முனையாகச் சுருங்கியிருந்ததைப் பார்த்து, இது மருந்தின் வேலை என்று உடலைத் திருப்பச் சொன்னார். தோள்பட்டைகளுக்கு நடுவே அதே வலி மருந்து பேட்ச். டாக்டர் போலீசுக்கு ஃபோன் போட்டார்.

மதியத்துக்குள் அட்டெண்டர் பெண் லாக்கப்பில் இருந்தாள். எஸ்.ஐ.யின் கணக்கு இதுதான். அம்மாளின் கை அங்கே எட்டாது. பெரியவரால் கட்டிலை விட்டு இறங்க முடியாது. மிச்சம் இருப்பது ஒருத்திதான். மாதம் முடிந்ததும் நின்றுகொள் என்று அம்மாள் அவளைத் திட்டியதைப் பக்கத்து வீடு கேட்டிருக்கிறது. இங்கே பெட்டியில் பேட்ச் எண்ணிக்கை சரியாக இருந்ததால், அவள் வேலை பார்க்கும் வேறொரு நோயாளி வீட்டிலிருந்து சுட்டிருக்க வேண்டும்.

"ரொம்ப சுத்தமா இருக்கு. அதான் உறுத்துது" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. ஸ்டேஷனில் அவருக்குப் பட்டப்பெயர் சல்லடை. நேராக அந்த வீட்டுக்குப் போனார்.

வெளியூரிலிருந்து ஓடி வந்திருந்த மகள் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆப்பில் பொறுப்பாளர் என்று பதிவாகியிருந்தது அவள் ஃபோன்தான்; வீட்டு ஃபோனிலிருந்து போகும் படம் அதற்கும் வரும். அழுத கண்ணோடு நேற்றைய படத்தைக் காட்டினாள். மாலை ஏழு மணிக்கு அப்பாவுக்கு பேட்ச் மாற்றியாயிற்று, வலி இரண்டு, பச்சை டிக். அம்மா எதையும் தவறவிட்டதே இல்லை என்றாள்.

படத்தில் ஒரு முதுகின் நடுப்பகுதி. நடுவே புது பேட்ச். அதன் கீழே தோலில் குறுக்காக அழுந்திய ஒரு கோடு.

"அப்பாகிட்ட விசாரிச்சீங்களா?"

யாரும் விசாரிக்கவில்லை. அவரிடம் மாரடைப்பு என்று சொல்லியிருந்தார்கள். அட்டெண்டர் லீவு என்று சொல்லியிருந்தார்கள். வலி எத்தனை என்று ஃபோன் தவறாமல் அவரைக் கேட்டது. வீட்டில் இருந்தவர்களுக்கு அவரை எதுவும் கேட்கத் தோன்றவில்லை. அதற்கு அன்பு என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

உள்ளே பெரியவர் கட்டில் கம்பியை விரல் வெளுக்கப் பிடித்திருந்தார். இது இரண்டு இல்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. ஆப்பில் வரும் படங்களைப் பார்க்கும் ஆஸ்பத்திரி நர்ஸ் செய்தி கேட்டு வந்திருந்தாள்; அவரைச் சாய்த்துப் பிடித்தாள். முதுகெலும்பு முடிச்சு முடிச்சாகத் துருத்தி நின்றது. அதன்மேல் இருந்த பேட்ச் ஓரம் சுருண்டு அழுக்கேறியிருந்தது.

இன்ஸ்பெக்டர் நர்ஸை வெளியே அழைத்துப் படத்தைக் காட்டினார். "நேத்து ஒட்டினது இவ்வளவு அழுக்காகுமா? இந்தப் படத்துல எலும்பு எங்க? சதை இருக்கு. உள்ளாடைப் பட்டை அழுத்தின கோடு இருக்கு. இது பொம்பளை முதுகு. வெளியிலேர்ந்து எந்த பேட்ச்சும் வரல, அவருக்கு எடுத்ததுதான் அம்மா முதுகுக்குப் போயிருக்கு."

நர்ஸ் தலைகுனிந்தாள். படம் வந்தாலே டிக் விழுந்துவிடும், எல்லாவற்றையும் திறந்து பார்க்க நேரமில்லை என்றாள். பிறகு தானாகவே சொன்னாள். "பழக்கமில்லாத உடம்புக்கு இது விஷம் மேடம். அதுமேல சூடு வச்சா மருந்து மொத்தமா இறங்கிடும். இதெல்லாம் ஆப்ல பொறுப்பாளருக்கு எச்சரிக்கையா வருமே. படிச்சேன்னு அழுத்தினாத்தான் அடுத்த பக்கமே வரும்."

மகளின் முகம் செத்தது. அழுத்தியவள் அவள். படிக்கவில்லை.

"அம்மா நாற்காலில உக்காந்திருந்தா கட்டில்லேர்ந்து அவருக்குக் கை எட்டும்" என்றார் இன்ஸ்பெக்டர். "படம் எடுக்கவும் எட்டும்."

மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாகிட்ட மட்டும் சொல்லாதீங்க மேடம். அவர் இருக்கப்போறதே கொஞ்ச நாள்."

"ஒருத்தி செய்யாத கொலைக்கு உள்ள உக்காந்திருக்கா. அவளுக்கு நாள் நிறைய இருக்கு."

இன்ஸ்பெக்டருக்கும் அந்த அறைக்குள் மறுபடி போகப் பிடிக்கவில்லை. போனார். அம்மா முதுகில் பேட்ச் ஒட்டியது யார் என்று மட்டும் கேட்டார். பெரியவர் ஒளிக்கவில்லை. கடைசியில் ஒருவராவது தன்னிடம் பேச வந்தாரே என்பதுபோலச் சொன்னார்.

"நான்தாம்மா. என்னைத் தூக்கித் தூக்கி அவ முதுகு போயிடுச்சு. டாக்டர்கிட்ட போன்னா, உங்களை யார் பாப்பாங்கன்னு கேப்பா. எனக்கு வலி போற மருந்து அவளுக்கும் போகட்டும்னு என்னோடதை ஒட்டிவிட்டேன். நான் பழசையே வச்சுக்கிட்டேன். ஃபோன் கத்துச்சு, அவ முதுகையே படம் எடுத்து அனுப்பிட்டேன். வலி ஜாஸ்தின்னு போட்டா ஆஸ்பத்திரிலேர்ந்து கூப்பிடுவாங்க, அதான் ரெண்டு."

"அப்புறம்?"

"வெந்நீர்ப் பைய வச்சுக்கிட்டு சாஞ்சா. அப்படியே தூங்கிட்டா. நல்ல குறட்டை. இவ இப்படி அசந்து தூங்கி எத்தனை வருஷமாச்சு, எழுப்பக் கூடாதுன்னு வலியைப் பல்லைக் கடிச்சுக்கிட்டு கேட்டுட்டே கிடந்தேன்."

வாசலில் நின்ற நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். மருந்து மூச்சை அடைக்கும்போது வரும் சத்தம் அது. அப்போது எழுப்பியிருந்தால் பிழைத்திருப்பாள்.

பெரியவர் நர்ஸைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பிறகு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் எதையும் விடாமல் சொன்னார், அட்டெண்டர் பெண் இருக்கும் இடம் உட்பட.

 பெரியவர், தான் சொன்னதை எழுதிக்கொண்டு வரச் சொன்னார். எழுதி வந்ததும் கையெழுத்துப் போட்டார். "அந்தப் பொண்ணை விட்டுடுங்க" என்றார்.

நர்ஸ் புது பேட்ச்சின் உறையைப் பிரித்துக்கொண்டு அருகே வந்து, ஒருக்களித்துப் படுங்கள் ஐயா என்றாள். அவர் இரண்டு கையாலும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மல்லாந்தே கிடந்தார்.