சியாமளா கைப்பட எழுதியது

மாமியாரின் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் இடித்தது. "சியாமளாவுக்குக் கை குணமானதில் ரொம்ப சந்தோஷம். அவள் கைப்பட எழுதின லெட்டர் செவ்வாய்க்கிழமை வந்தது."

சந்திரமௌலி ஒரு காலில் ஷூவோடு நின்றபடியே அதை மூன்று தடவை படித்தான். மியூனிக்கில் செப்டம்பர் மாலை. சாய்ந்த வெயில் சமையலறை மேஜையில் இன்னும் கிடந்தது. மறுவருஷத்து ஒலிம்பிக்குக்காக ஊரைத் தோண்டும் இயந்திரங்கள் ஜன்னல் கண்ணாடியை அதிரவைத்துக்கொண்டிருந்தன. கை குணமாவதாவது! சியாமளாவே இல்லை.

அந்த இரைச்சலுக்குப் பயந்துதான் ஆகஸ்டில் இருவரும் கிரேக்கத் தீவுக்குப் போனார்கள். ரயிலில் இரண்டு நாள் போய் ஏதென்ஸ், அப்புறம் கப்பல், அப்புறம் ஒரு மீன்படகு. வரைபடத்தில் ஈ உட்கார்ந்தால் மறைந்துவிடுகிற தீவு. சுண்ணாம்பு அடித்த வீடு, ஒரே ஒரு கடை, ஏகப்பட்ட ஆடுகள். மாமிசம் சாப்பிட மாட்டோம் என்று வீட்டுக்காரிக்குப் புரியவைக்க நான்கு நாள் ஆயிற்று. அதன்பின் அவள் கூடை கூடையாகத் தக்காளி கொடுத்தாள். சியாமளா ரசம் வைத்து அவளுக்கே ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தாள். கல்யாணமாகி நான்கு வருஷத்தில் அவ்வளவு நிம்மதியாக அவர்கள் இருந்ததில்லை.

பத்தாம் நாள் அவள் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒரு தடவை கூப்பிட்டாள். பாறை நிழலில் ஆராய்ச்சிக் கட்டுரை படித்துக்கொண்டிருந்த அவன் தலையைத் தூக்காமலே கையை ஆட்டினான். பக்கம் முடிந்து நிமிர்ந்தபோது கடல் மட்டும் இருந்தது. ஐந்து நாள் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. இரண்டு பெட்டிகளோடு அவன் ஒருவனாகத் திரும்பி வந்தான்.

கும்பகோணத்தில் மாமியார் கனகவல்லிக்கு சியாமளா ஒரே பெண். புருஷன் இல்லை, இதயம் பலவீனம். அந்த அம்மாளுக்கு எப்படி எழுதுவது? வழக்கமாக ஏரோகிராம் தாளில் சியாமளா எழுதி முடித்த பின், மிச்சமிருக்கும் மடிப்பில்தான் அவன் நாலு வரி கிறுக்குவான். இந்தத் தடவை முழுத்தாளும் காலியாகக் கிடந்தது. "சியாமளாவுக்கு வலது மணிக்கட்டில் சுளுக்கு. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அவள் சௌக்கியம்" என்று எழுதினான். அந்த ஒரு கடிதத்துக்குத்தான் என்று நினைத்தான். வாராவாரம் எழுதும்படி ஆயிற்று. எதிர் நாற்காலியைப் பார்த்து, "இந்த வாரம் அம்மாவுக்கு என்ன எழுதட்டும்?" என்று கேட்கவும் பழகிவிட்டான். அழுகை வந்தால் மை கலைந்துவிடுமே என்று தாளைத் தள்ளி வைத்துக்கொண்டு அழுவான்.

அக்டோபரில் அடுத்த கடிதம் வந்தது.

"ஏன் இப்படி நனைந்த லெட்டர் அனுப்புகிறாள்? எழுத்தெல்லாம் கரைந்துவிட்டது. 'குளிர்கிறது அம்மா, வழி தெரியவில்லை' என்பது மட்டும் படிக்க முடிகிறது. ஸ்டாம்பு இல்லை. தபால்காரனும் கொடுக்கவில்லையாம். வாசலில் கிடந்தது. மாப்பிள்ளை, அங்கே என்ன நடக்கிறது?"

அவன் வீடு முழுக்கத் தேடினான். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமலே தேடினான். குளியலறைத் தொட்டி காய்ந்து கிடந்தது. அலமாரியில் அவள் புடவைகளில் பாச்சை உருண்டை வாசனைதான் அடித்தது. மரத்தரையைக் கையால் தடவிப் பார்த்தான். ஒரு சொட்டு ஈரம் இல்லை, உப்பு வாசனை இல்லை, நிழல் இல்லை. அதுதான் அவனை நடுங்கவைத்தது. அவள் இங்கே வரவேயில்லை. கடிதங்கள் போன இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

விஷயம் தெரிந்த ஒரே ஆள், ஆய்வுக்கூடத்துச் சேதுராமன். கடிதத்தைப் படித்ததும் அவன் அதை மடித்துச் சந்திரமௌலி கையிலேயே திணித்தான்.

"ட்ரங்க் கால் புக் பண்ணு மௌலி. இன்னிக்கே சொல்லிடு. காரியம் பண்ணாம, சௌக்கியம் சௌக்கியம்னு எழுதிண்டே இருக்கியே, பாவம் இல்லையா அவ?"

"பாடியே கிடைக்கலைடா. காரியம் பண்ணிட்டா அவ நிஜமாவே போயிடுவா."

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு லைன் கிடைத்தது. கும்பகோணத்தில் எதிர்வீட்டு வக்கீல் வீட்டுப் போன். கரகரவென்று இரைச்சல். பிறகு கனகவல்லியின் குரல், கொள்ளாத சந்தோஷத்தோடு.

"மாப்பிள்ளையா? நானே பேசணும்னு இருந்தேன்!"

"அம்மா, கொஞ்சம் உக்காந்துக்கோங்கோ. சியாமளா..."

"இதோ என் பக்கத்துலதான் நிக்கறா. விடியக்காலம் வந்து கதவைத் தட்டினா. ஒரு வரி முன்னாடி எழுதப்படாதோ? தலையெல்லாம் ஈரம். தொடைக்கத் தொடைக்க ஊறிண்டே இருக்கு."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"அம்மா, நான் எழுதினதெல்லாம் பொய். அவ..."

"இருங்கோ, அவகிட்டயே குடுக்கறேன்."

ரிசீவர் கை மாறியது. மூச்சு இல்லை. பாறையில் அலை உரசும் சத்தம். அதற்குள்ளிருந்து அவள் குரல்.

"நான் சௌக்கியம்னு நீங்கதானே எழுதினேள்? அப்பறம் ஏன்னா இப்படிக் குளிர்றது?"

சொல்ல வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். நீ இறந்துவிட்டாய். சொன்னால் அவள் போய்விடுவாள். அவளிடமிருந்து அந்த அம்மாள் தப்பிப்பாள். வாயைத் திறந்தான். இரண்டு மாதமாகக் கேட்காத குரல். எப்படிச் சொல்வான்?

"ஒண்ணும் இல்லை சியாமா," என்றான் அழுதுகொண்டே. "சரியாயிடும்."

அலைச்சத்தம் நின்றது. மறுபடி கனகவல்லி.

"ஐப்பசி பொறந்தாச்சோல்லியோ, காவேரி ரெண்டு கரையும் புரண்டு ஓடறது. துலா ஸ்நானம் பண்ணலாம் வான்னு கையைப் பிடிச்சு இழுக்கறா. நான் காலம்பறவே குளிச்சாச்சுன்னா கேக்கமாட்டேங்கறா. அப்பப்பா, கை என்னமா சில்லுனு இருக்கு! போயிட்டு வந்துடறோம்."

"போகாதீங்கோ! அம்மா, அவளோட போகாதீங்கோ!"

ரிசீவரை மேஜைமேல் வைத்த சத்தம். லைன் துண்டிக்கப்படவில்லை. அவன் கத்தினான். யாரும் எடுக்கவில்லை. வெகு தூரத்தில் வக்கீல் வீட்டு மாமியின் குரல்.

"கனகம்! யாரோட பேசிண்டு போறே? தரையெல்லாம் ஏன் இவ்வளவு தண்ணி?"

வாசல் கதவு திறந்தது. இரண்டு பேர் படி இறங்கும் காலடிச் சத்தம். இரண்டுமே ஈரக் காலடிகளாகக் கேட்டன.