கேசட்டில் மட்டும் இருந்த கால்கள்

"எங்கப்பாவுக்குக் கடைசி காலத்துல புத்தி பிசகிடுச்சா, இல்லையா? அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க" என்றாள் அந்தப் பெண், வாசலிலேயே நின்றபடி.

அண்ணி ஒரு மூக்குக்கண்ணாடியின் திருகை முடுக்கிக்கொண்டிருந்தார். "செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாம்மா. தரை ஈரம், மெதுவா" என்றார். அவள் வெறுங்காலை ஊன்றி ஊன்றி நடந்து வந்து நாற்காலியில் உட்காரும்வரை அண்ணி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது வழுக்கி விழுந்தால் பழி நம் தலையில்தானே என்று கொழுந்தன் நினைத்துக்கொண்டான்.

கடை இரண்டு பாதி. முன்பாதியில் அண்ணியின் கண்ணாடி வியாபாரம். பின்பாதியில் கொழுந்தன் பழைய டேப் ரிக்கார்டர்களையும் வீடியோ பிளேயர்களையும் பிரித்துப்போட்டு, பாதியை மாட்டுவான், மீதியைத் தேடுவான். கண்ணாடி மாட்ட வருகிறவர்கள் கூடவே ஒரு சிக்கலையும் கொண்டுவருவது அந்தத் தெருவில் வழக்கமாகிவிட்டது. அண்ணி லென்ஸைத் துடைத்துக்கொண்டே கேட்பார், துடைத்துக்கொண்டே அவிழ்ப்பார். கொழுந்தன் அவருடைய உதவியாளன். அந்தப் பதவிக்கு அவனை நியமித்ததும் அவனேதான்.

வந்தவள் கைப்பையிலிருந்து ஒரு வீடியோ கேசட்டையும் ஒரு டிவிடியையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். அட்டைப் படத்தைப் பார்த்ததும் கொழுந்தன் கையிலிருந்த திருப்புளியைக் கீழே போட்டான்.

"அண்ணி! இது அந்தப் படம்!"

"எந்தப் படம்?"

அவன் மூச்சு விடாமல் சொன்னான். தியேட்டரில் ஒரு வாரம்கூட ஓடாமல் சுருண்ட பேய்ப் படம். பிறகு கேசட்டில் கைமாறிக் கைமாறி, தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடும் ரசிகர்களைச் சேர்த்துக்கொண்டது. நெடுநாள் கழித்து ஒருவன் வீடு திரும்புகிறான். மனைவி அவனை வரவேற்கிறாள், பேசுகிறாள், சிரிக்கிறாள். அவள் உயிரோடுதான் இருக்கிறாளா என்பதைப் படம் கடைசிவரை சொல்வதில்லை. இறுதிக் காட்சியில் அவள் வாசலில் நிற்கிறாள். விளக்கு காலடியில், முகம் இருட்டில். அவ்வளவுதான்.

"கேசட்ல அவ கால் தெரியும் அண்ணி. பேய்க்கு ஏது கால்? அதனால அவ உயிரோடதான் இருக்கா. அப்புறம் டிவிடி வந்துச்சு. அதுல முழங்காலோட சரி, பாதம் இல்ல! அன்னியிலிருந்து ரசிகருங்க ரெண்டு கட்சி. காலுள்ள கட்சி, காலில்லாக் கட்சி. அடிதடி வரைக்கும் போயிருக்கு."

"நீ எந்தக் கட்சி?"

"காலுள்ள கட்சிதான். இதுல என்ன சந்தேகம்?"

"அந்தப் படத்தை எடுத்தவர்தான் எங்கப்பா" என்றாள் வந்தவள். கொழுந்தன் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டான்.

அவள் சொன்னது இதுதான். டிவிடியைத் தயாரித்தவர் அப்பாவிடம் கடைசியாக உதவியாளராக இருந்தவர். எல்லோருக்கும் அவர் டிஜிட்டல்காரர். டிவிடி வந்த அன்று அப்பா ஒருமுறை போட்டுப் பார்த்தார். "கால் எங்கே? காலைக் காணோம்!" என்று கத்தி அதை வீசி எறிந்தார். அதற்குப் பிறகு ஒரே பல்லவிதான். 'கேசட்ல இருக்கற மாதிரி முழுசா விட்டா விடு. இல்லன்னா படத்தை யாருக்கும் குடுக்காதே.' இப்போது அப்பா இல்லை. டிஜிட்டல்காரர் படத்தைத் துல்லியமாகப் புதுப்பித்து மறுபடி வெளியிடக் கேட்கிறார். சம்மதம் சொல்ல வேண்டியவள் மகள்.

"கேசட்ல அந்த சீன்ல மேல மைக் தொங்குது. நட்ட நடுவுல, கறுப்பா! எங்கப்பா திரைச்சீலை மடிப்பு சரியில்லன்னா ஷூட்டிங்கையே நிறுத்தறவர். அவர் போய் மைக் தெரியற படத்தை விடுன்னு சொல்வாரா? புத்தி மாறாட்டம்தான்னு டிஜிட்டல்காரர் சொல்றார். நானும் அப்படித்தான் நெனச்சேன். சின்னக் குழந்தைகிட்ட பேசற மாதிரி, 'சரிப்பா, கால் வரும்ப்பா, தூங்குங்கப்பா'ன்னு சொல்லிட்டேன். என்னை ஒரு பார்வை பாத்தார். அதுக்கப்புறம் என்கிட்ட பேசவே இல்ல." அவள் கேசட்டை அண்ணி பக்கம் நகர்த்தினாள். "தெளிவா இருந்த மனுஷனை நான் அப்படி நடத்தியிருந்தா, எனக்கு அது தெரியணும்."

அண்ணி மூக்குக்கண்ணாடியை மேசைமேல் வைத்தார். கேசட்டைக் கொழுந்தனிடம் நீட்டினார்.

பின்பாதியில் இரண்டு டிவிகளை ஒட்டி வைத்தார்கள். ஒன்றில் கேசட், மற்றதில் டிவிடி. முக்கால்வாசிப் படம் ஓடும்வரை அண்ணி இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தார். நாயகி வெறுங்காலோடு மாடிப்படி ஏறும் காட்சி வந்ததும், "நிறுத்து" என்றார்.

"இதுல ஒண்ணுமில்ல அண்ணி. சும்மா படி ஏறுறா. ரெண்டுலயும் கால் தெரியுது பாருங்க."

"அதான் நிறுத்தச் சொன்னேன்." திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்துவிட்டு, "ம், விடு" என்றார்.

இறுதிக் காட்சி வந்தபோது கேசட் படம் நடுங்கியது. வெள்ளைக் கோடுகள் ஓடின. கொழுந்தன் நாடாவை வெளியே இழுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

"மத்த இடமெல்லாம் புதுசு மாதிரி இருக்கு. இந்த ஒரு இடம்தான் தேஞ்சிருக்கு. பிளேயரை ஓடவிட்டு இதே இடத்துல நிறுத்தி நிறுத்திப் பாத்தா இப்படித்தான் தேயும். பாவம், தன் படத்துல மைக் தெரியுதேன்னு மனுஷன் நொந்து நொந்து பாத்திருக்கார்."

"இருக்கலாம்" என்றார் அண்ணி. அவர் 'இருக்கலாம்' என்றால் 'இல்லை' என்று பொருள். கொழுந்தனுக்கு அது தெரியும், இருந்தாலும் மனம் ஆறவில்லை.

தேய்ந்த படத்திலும் கால்கள் தெரிந்தன. ரப்பர் செருப்பு, அதன் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் விரல்கள். விளக்கு பக்கத்திலேயே இருந்ததால் நகம்கூடத் தெரிந்தது.

"உங்கம்மா எப்படி இருப்பாங்க?" என்று அண்ணி திடீரென்று கேட்டார்.

அவள் விழித்தாள். "தெரியாது. நான் கைக்குழந்தையா இருக்கும்போதே போயிட்டாங்க. வீட்டுக்குள்ள தண்ணி புகுந்தப்போ போட்டோ எல்லாம் ஊறி வீணாப்போச்சுன்னு அத்தை சொல்வாங்க. அத்தைதான் என்னை வளர்த்தாங்க. அப்பா அம்மாவைப் பத்தி வாயே திறந்ததில்ல. பிடிக்காம கட்டிக்கிட்டாரோ என்னவோ."

"நாளைக்குக் காலையில உங்க வீட்டுக்கு வர்றோம். அத்தையும் டிஜிட்டல்காரரும் இருக்கட்டும்."

மறுநாள் கூடத்தில் ஐந்து பேரும் டிவியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அத்தை நாற்காலியை ஓரமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "பேய்ப் படமெல்லாம் நான் பாக்கமாட்டேன். தம்பி எடுத்ததுதான், அதுக்காக? ஒரு தடவை பாதியிலயே எழுந்து வந்துட்டேன்." டிஜிட்டல்காரர் கொஞ்சம் விறைப்பாக இருந்தார். தன்மேல் பழி வரப்போகிறது என்று எதிர்பார்த்து வந்தவர் போலிருந்தது.

"முதல்லயே சொல்லிடறேன், நான் எதையும் அழிக்கல" என்றார்.

"நீங்க அழிக்கலன்னு எனக்குத் தெரியும்" என்றார் அண்ணி. கொழுந்தனின் முகம் தொங்கிவிட்டது. வழி நெடுக அவன் சந்தேகப்பட்டு வந்தது இவரைத்தான்.

"டிவிடியில கால் மட்டுமா போயிருக்கு? மேல மைக்கும் போயிருக்கு. இடமும் வலமும் அப்படியே இருக்கு. ஒரு சீன்ல மட்டுமில்ல, படம் முழுக்க இப்படித்தான். எங்க கண்ணாடிக் கடைக்கும் லென்ஸ் வட்டமா, பெருசாத்தான் வரும். ஃபிரேமுக்குத் தக்க நான் ஓரத்தை வெட்டறேன். வெட்டின ஓரத்துல பார்வை கெட்டுப்போச்சுன்னு யாரும் சண்டைக்கு வர்றதில்ல."

டிஜிட்டல்காரரின் விறைப்பு தளர்ந்தது. "அதேதான். கேமராவுல பதிவாகறது கிட்டத்தட்ட சதுரம். தியேட்டர்ல மேலயும் கீழயும் மறைச்சுத்தான் போடுவாங்க. அப்போ வீட்டு டிவி சதுரமா இருந்ததால, கேசட் போட்டவங்க மறைக்காம முழுசையும் கொட்டிட்டாங்க. டிவிடியில இருக்கறதுதான் ஐயா நெனச்ச படம். அவருக்கே அது தெரியும்."

"ஆக, தியேட்டர்ல என்னிக்குமே காலில்லையா?" என்றான் கொழுந்தன். தன் கட்சி கண்ணெதிரே கவிழ்வதைத் தாங்க முடியவில்லை.

"இல்ல. ஆனா எனக்கு அது முக்கியமில்ல. எல்லாம் தெரிஞ்சவர், வேணும்னே மறைச்சு எடுத்தவர், எதுக்கு அந்த ஓரம் வேணும்னு அடம்பிடிச்சார்? மைக்குக்காக இல்ல. அவர் கத்தினது 'கால் எங்கே'ன்னு. நாடா தேஞ்சதும் அந்த இடத்துலதான். தப்பைப் பாத்து நொந்துக்கறவர் ஒரு தடவை பாப்பார், ரெண்டு தடவை பாப்பார். நாடா தேயற வரைக்கும் பாக்க மாட்டார். பிடிச்சதைத்தான் அப்படிப் பாப்பாங்க."

அண்ணி கொழுந்தனுக்குக் கண் காட்டினார். அவன் மாடிப்படிக் காட்சியில் நிறுத்தினான்.

"இது நடிகையோட கால். கட்டைவிரல்தான் நீளம், மத்ததெல்லாம் வரிசையா இறங்குது. இப்போ கடைசி சீன்." படம் நடுங்கி நின்றது. "பாருங்க. ரெண்டாவது விரல் கட்டைவிரலைத் தாண்டி நீண்டிருக்கு. இது அந்த நடிகையே இல்ல. முகம் இருட்டுல இருக்கறதால யாருக்கும் தெரியல. கால் ஃபிரேமுக்குள்ள வராதுங்கற தைரியத்துல செருப்பைக்கூடக் கழட்டச் சொல்லல."

"அப்போ யாரு?" என்றாள் மகள்.

"நேத்து ஈரத்தரையில நீ நடந்து வந்தப்போ உன் காலைப் பாத்தேன்மா."

மகள் புரியாமல் குனிந்தாள். தன் கால்களைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். அத்தை நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பி, கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே வந்தார்.

"ஐயோ, இது உங்கம்மா செருப்புடி! நான் வாங்கிக் குடுத்தது. அளவு பத்தாது, விரல் வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும். மாத்திக்கலாம்னா கேக்கமாட்டா." அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஒரு நாள் ஷூட்டிங்குக்குச் சாப்பாடு கட்டிக் குடுத்து அவளை அனுப்பினேன். அந்த நடிகை கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான்னு ஒரே ரகளையாம். இவ திரும்பி வர இருட்டிடுச்சு. ஏன்டி லேட்டுன்னா, சிரிக்கறா, சொல்லமாட்டேங்கறா. படம் வெளிவர்றதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டா."

"அவர் ஏன் என்கிட்ட சொல்லல?" மகளின் குரல் உயர்ந்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"அத்தனை வருஷம் பேசாம இருந்த மனுஷன் திடீர்னு எங்கிருந்து ஆரம்பிப்பார்? சொல்லத் தெரியல, காட்டத்தான் தெரிஞ்சுது. கேசட்டைக் காட்டினார். நாம எல்லாரும் மைக்கைப் பாத்தோம்" என்றார் அண்ணி. "உங்கப்பா புத்தி கடைசிவரைக்கும் தெளிவாத்தான் இருந்துச்சும்மா. நீ கேட்டது அதுதானே?"

அவள் அழுதாள். அப்பா பைத்தியமில்லை என்ற நிம்மதி ஒரு பக்கம், அவரைத் தூங்கச் சொல்லிவிட்டோமே என்ற வேதனை ஒரு பக்கம். கட்சியாவது கத்தரிக்காயாவது என்று கொழுந்தனுக்குத் தோன்றியது. ஒரு மனுஷன் தன் பெண்டாட்டியின் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறான். ரசிகர்கள் அதை வைத்து ஊரெல்லாம் சண்டை போட்டிருக்கிறார்கள்.

"ரெண்டு மாதிரியும் வரட்டும்" என்றாள் மகள், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "தியேட்டர் மாதிரி ஒண்ணு, முழுசா ஒண்ணு. சிரிக்கறவங்க சிரிச்சுக்கட்டும்."

டிஜிட்டல்காரர் தலையாட்டினார். ஆனால் அவர் நினைப்பு வேறெங்கோ இருந்தது.

"படம் கழுவற லேப்பை மூடினப்போ ஒரு டப்பா குடுத்தாங்க. ஐயா போனதுக்கப்புறம்தான் என் கைக்கு வந்துச்சு. வெட்டிப் போட்ட மிச்சத் துண்டுகள். படத்துக்குத் தேவைப்படாதுன்னு நான் திறக்கவே இல்ல" என்றார் மெதுவாக. "கடைசி ஷாட்டோட மிச்சமும் அதுல இருக்கணும். 'கட்' சொன்ன உடனே கேமரா நிக்காது. கொஞ்சம் ஓடும்."

எல்லோரும் அப்படியே கிளம்பினார்கள். அவருடைய வேலைக்கூடம் குளிராக இருந்தது. டப்பாவைத் திறந்ததும் புளித்த வாடை வந்தது. அவர் வெள்ளை உறை மாட்டிய கையால் ஒவ்வொரு சுருளாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒன்றை எடுத்து இயந்திரத்தில் மாட்டினார். "சத்தம் இருக்காது. அது தனி நாடா, இப்போ இல்ல" என்றார்.

திரையில் அந்த வாசல் வந்தது. இருட்டில் ஒரு பெண் அசையாமல் நின்றாள். யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அவள் தோள் தளர்ந்தது. பிறகு குனிந்து, காலடியிலிருந்த விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். வெளிச்சம் அவள் முகத்துக்கு வந்தது. இளம் வயது. சிரிப்பை அடக்கமாட்டாமல், கேமராவுக்குப் பின்னால் இருந்த ஒருவரைப் பார்த்து ஏதோ சொன்னாள். அதோடு துண்டு தீர்ந்தது.

மகள் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தாள். "என்ன சொன்னாங்க?" என்று பொதுவாகக் கேட்டாள்.

அத்தைதான் உதட்டசைவைப் பார்த்துச் சொன்னார். "'ஆறிடும், சாப்பிட வாங்க'ங்கறா. எத்தனை தடவை கேட்டிருக்கேன் அதை!"

கொழுந்தன் அண்ணியைத் திரும்பிப் பார்த்தான். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார், துடைக்கவில்லை.

"இன்னொரு தடவை போடுங்க" என்றாள் மகள்.

டிஜிட்டல்காரர் சுருளைப் பின்னால் சுற்றினார்.