பாதிப் படியில் அணையும் விளக்கு

மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டி அந்தப் பழைய மாடி வீட்டுக்குள் நுழைந்தபோது, இது கொஞ்ச நேரத்தில் முடிகிற வேலை என்றுதான் எலக்ட்ரீஷியனுக்குத் தோன்றியது.

வீட்டம்மா நேராகப் படிக்கட்டைக் காட்டினாள்.

"இதுதான் தம்பி. எங்க வீட்டுக்காரர் மாடிக்கு ஏறும்போது பாதியில லைட் அணைஞ்சுடுது. ஏற்கெனவே அவருக்குப் பார்வை மங்கல். போன மாசம் உருண்டு விழுந்து தோள்பட்டை இறங்கிடுச்சு. இன்னொரு தடவை விழுந்தார்னா..."

"பழைய சுவிட்சையெல்லாம் கழட்டிடலாமேக்கா?"

"ஐயோ, அதை மட்டும் சொல்லாதீங்க. மாமனார் தன் கையால போட்டது. அவர் போனப்புறம் இவர் அதுல ஒரு ஸ்குரூவைக்கூடத் தொட விடறதில்ல."

தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது. மாமனாரின் சுவிட்சுகள் வீட்டு ஒயர் வழியாகவே ஒன்றோடொன்று பேசுகிற பழைய ரகம். அவள் வாங்கி வைத்திருந்த புது பல்புகளோ வைஃபை தவிர வேறெதையும் காதில் போட்டுக்கொள்ளாது. ஒன்று சொல்வதை மற்றதற்குப் புரியவைக்க நடுவில் ஒரு சின்னப் பெட்டி. அதை ஹாலில் மாட்டி, போனில் இணைத்து, பழைய சுவிட்சை அழுத்தினான். படிக்கட்டில் புது பல்பு பளிச்சென்று எரிந்தது.

"அவ்வளவுதான்க்கா!" என்று ஏறினான்.

பாதிப் படியில் அணைந்தது.

இறங்கினான். எரிந்தது.

மிக்ஸி, ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார் ஏதாவது ஒயரில் இரைச்சலைக் கிளப்பினால் பழைய சுவிட்சுகள் உளறும். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஏறினான். அணைந்தது. பெட்டியின் செட்டிங்கை அழித்து முதலிலிருந்து இணைத்தான். அணைந்தது. பல்பை மாற்றினான். அணைந்தது. ஒவ்வொரு முறையும் போன் ஒரே பாட்டைப் பாடியது: பழைய சுவிட்ச் அணைக்கச் சொன்னதாம்.

"எந்தச் சுவிட்ச்னு சொல்லித் தொலையேன்!" என்று போனையே திட்டினான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. டீ ஆறி ஏடு படிந்தது. அடுத்து போக வேண்டிய இரண்டு வீட்டுக்காரர்களும் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

எரிச்சலில் பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அப்போதுதான் கேட்டது.

டக்.

விளக்கு அணைந்தது.

பழைய சுவிட்சை விரலால் அழுத்துகிற சத்தம். காதுக்கு அருகில், சுவரிலிருந்து. போன் வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தான். வெறும் சுவர். டெஸ்டரை வைத்து மேலும் கீழும் தேடினான். உள்ளே ஒயர்கூட ஓடவில்லை. மாற்றாமல் போட்டுக்கொண்டே இருந்த சட்டையின் வியர்வை வாடை மட்டும் அந்த இடத்தில் கனமாக நின்றது.

அவன் தன் சட்டையை முகர்ந்து பார்த்தான்.

அதிலிருந்து வரவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்தார். "சரியாயிடுச்சா தம்பி?" என்றவர் பதிலுக்கு நிற்காமல் படியில் கால் வைத்தார்.

"சார், கொஞ்சம் இருங்க—"

டக்.

மேலே கும்மிருட்டு. செருப்பு வழுக்கும் சத்தம். பக்கத்தில் நின்ற வீட்டம்மா அவன் கையை இறுகப் பற்றினாள்.

"சார்! அசையாதீங்க!"

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல." இருட்டுக்குள்ளிருந்து அவர் குரல் நிதானமாக வந்தது. "விழப் பார்த்தேன். நல்லவேளை, நீங்க கையைப் பிடிச்சிட்டீங்க."



"சார்," என்று கிசுகிசுத்தான். "நான் கீழே இருக்கேன்."

விளக்கு எரிந்தது.

பாதிப் படியில் அவர் தனியாக நின்றார். வலது கை மேல்நோக்கி நீண்டிருந்தது. எதையோ பற்றியதுபோல் விரல்கள் மூடியிருந்தன.

"எல்லாத்தையும் கழட்டுங்க," என்றாள் வீட்டம்மா. "இப்பவே."

இந்த முறை அவர் மறுக்கவில்லை. படியிலேயே உட்கார்ந்து தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் பழைய சுவிட்சுகள் ஒவ்வொன்றையும் பிடுங்கி, ஓட்டைகளை அடைத்து, புது சுவிட்சுகளைப் பொருத்தினான். பிறகு அவரையே பலமுறை ஏறி இறங்கச் சொன்னான். விளக்கு ஒருமுறைகூடக் கண் சிமிட்டவில்லை. விட்டது சனியன் என்று வண்டியைக் கிளப்பினான்.

மறுநாள் காலை வீட்டம்மாவிடமிருந்து போன்.

"சொல்லுங்கக்கா. மறுபடி அணையுதா?"

"இல்ல தம்பி. நல்லா எரியுது." குரல் தாழ்ந்தது. யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் இருந்தது. "வந்து அந்தப் புது பல்பையெல்லாம் கழட்டிட்டுப் போயிடறீங்களா?"

"என்னக்கா விளையாடறீங்க? அரை நாள் பூரா உயிரை விட்டுப் போட்டுருக்கேன். நல்லா எரியுதுன்னு நீங்களே சொல்றீங்க!"

"அவர்தான் கழட்டச் சொல்றார்." "படியில ஏறும்போது லைட் எரிஞ்சா, பிடிச்ச கையை விட்டுடறாங்களாம்."