எல்வினாவின் தட்டில் மாட்டுக் கோசு

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து தரலாம். கூட்டிச் சொன்னது எதுவுமில்லை. குறைத்துச் சொன்னது மட்டும் இரண்டொரு இடத்தில் உண்டு. முழுதாகச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

ஜெர்சித் தீவின் வடகரையில், ரெனூஃப் பண்ணைவீட்டுச் சமையலறையில், அன்று காலை ஹில்டா சூப்புப் பானையின் மூடியைத் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

"ரோசென்... இது என்ன இலை?"

ரோசென் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள். "கோசு, அண்ணி."

"எந்தக் கோசு?"

அந்தத் தீவில் அது சாதாரணக் கேள்வியல்ல. உருண்டையாகத் தரையோடு இருப்பது மனிதருக்கு. ஆளுக்கு மேல் வளரும் நெட்டைக் கோசு மாட்டுக்கு. அடியிலையை ஒடித்துத் தொழுவத்தில் போடுவார்கள், மிஞ்சிய தண்டில் கைத்தடி செய்வார்கள். ரெனூஃப் பண்ணையில் அது கொஞ்சம் அதிகமாகவே வளர்ந்தது. நுனியிலை பறிக்கத் திங்கட்கிழமை ஏறிய வேலையாள், புதன்கிழமைதான் இறங்கினான்.

ஹில்டா அகப்பையில் இலையை அள்ளி வெளிச்சத்தில் பிடித்தாள். அவள் முகம் வெளிறியது.

"மாட்டுத் தீவனம்... எட்கர், இங்கே வாடா. உன் பொண்டாட்டி நம்ம அம்மாவுக்கு மாட்டுத் தீவனம் வெச்சிருக்கா."

தம்பி எட்கர் பால்வாளியோடு உள்ளே வந்தான். வாளியை எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடியும் வெளியே போய், மறுபடியும் உள்ளே வந்தான்.

"இன்னும் கேளு. இந்தத் தட்டைப் பாரு. மத்தி மீனு. தலை இருக்கு, வாலு இருக்கு. முள்ளு எங்கே?"

"அத்தை சாப்பிட்டாங்க," என்றாள் ரோசென். "பதமா வேகவெச்சா முள்ளோட சாப்பிடலாம் அண்ணி. எங்க ஊர்ல அப்படித்தான்."

"உங்க ஊர்ல படகைக்கூட வேகவெச்சுத் தின்பீங்க. எங்க வீட்ல முள்ளு பூனைக்கு, இலை மாட்டுக்கு. அம்மாவுக்கு என்ன மிச்சம்? பூனை மிச்சம் வெச்சதா?"

ரோசென் கடலுக்கு அக்கரையில், பிரான்சின் பிரெட்டன் நாட்டு மீனவர் வீட்டுப் பெண். உருளைக்கிழங்கு தோண்ட வந்தவளை எட்கர் கட்டிக்கொண்டான். பண்ணைக்கு வந்து பதினோரு வருடமாகியும் ஹில்டாவின் வாயில் அவள் கப்பலை விட்டு இன்னும் இறங்கவேயில்லை.

எட்கர் மெதுவாகப் பேசினான். அதுதான் பயமாக இருந்தது.

"அம்மாவோட எலும்பு தேயுதுன்னு டாக்டர் சொன்னப்ப நீயும் பக்கத்துலதானே இருந்தே? தினம் மூணு டம்ளர் பால் குடுன்னு சொன்னேனா இல்லையா? தீவுலயே முதல் பரிசு வாங்கின மாடு நம்மது. அந்தப் பாலை விட்டுட்டு..."

"பாலும் குடுத்தேங்க."

"அப்புறம் எதுக்கு இந்த இலை?"

ரோசென் ஜன்னல் பக்கம் பார்த்தாள். மாமியார் எல்வினா அங்கே உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. ஊசி மட்டும் வேகமாகப் போயிற்று. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அந்த வார்த்தை ரோசெனுடையதல்ல.

குளிர்காலத் தொடக்கத்தில் தொழுவத்துக்குப் பின்னால் எல்வினா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்ததை ரோசென் பார்த்துவிட்டாள். விருந்தாளிகள் முன்னால் ஒரு டம்ளர் பால் குடிக்க வேண்டி வந்துவிட்டதாம். பால் அவளுக்கு ஆகாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே ஆகாது. பரிசு மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்காட்சிதோறும் நின்றவள், அந்த மாட்டின் பாலைக் கண்டால் நடுங்குவாள் என்று யாரிடம் சொல்வாள்? தினமும் வைத்த டம்ளரை ஜன்னலோரத் தொட்டியில் இருந்த ஜெரானியத்துக்கு ஊற்றினாள். அந்தச் செடி மூன்று முறை கன்று போட்டதாக ஊரில் பேச்சு. அது மிகை, ஒரு முறைதான்.

"யார்கிட்டயும் சொல்லாதேடி," என்று எல்வினா அவள் கையைப் பிடித்து அழுதாள். "சொன்னா எனக்கு இந்த ஊர்ல முகம் இருக்காது."

"சொல்ல மாட்டேன் அத்தை. ஆனா நான் வைக்கிறதைச் சாப்பிடணும். சுண்ணாம்புச் சத்து மாட்டு மடியில மட்டுமா இருக்கு? மாடு அதைத் தின்னுற இலையிலேருந்துதானே எடுக்குது?"

அன்றிலிருந்து நெட்டைக் கோசின் இளம் இலை, பானையில் வெந்த வெள்ளை அவரை, முள்ளோடு மத்தி, கையில் ஒரு பிடி பாதாம். கீரை போதாதா என்று எல்வினா கேட்டாள். "பசலைக் கீரையில சத்து இருக்கு, ஆனா அது கெட்டியாப் பிடிச்சு வெச்சுக்கும், நமக்கு விடாது," என்றாள் ரோசென். வெயில் அடித்த நாட்களில் கோட்டைக் கழற்றச் சொல்லி வாசலில் நடக்கவைத்தாள்.

இதெல்லாம் எட்கருக்குத் தெரியாது. அவன் மனைவியைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு சொன்னான்.

"பரண்ல உன் பெட்டி இருக்கு. எடுத்துக்கோ. நாளைக்குக் காலைக் கப்பல்ல உங்க ஊருக்குப் போ."

ரோசென் ஈரக் கையைத் துடைத்தாள். மறுபடியும் ஜன்னலைப் பார்த்தாள். நாற்காலி காலியாக இருந்தது.

பரண் தொழுவத்துக்கு மேலே. ரோசென் ஏணியில் ஏறிப் பார்த்தாள். அவளுடைய தகரப் பெட்டியின் மேல் எல்வினா உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை... எழுந்திருங்க."

"மாட்டேன்."

"அப்போ கீழே வந்து உண்மையைச் சொல்லுங்க."

"அதுவும் மாட்டேன்."

"ரெண்டும் மாட்டேன்னா நான் என்ன செய்யறது? என் பொட்டியை உங்களுக்கு நாற்காலியா விட்டுட்டுப் போகவா?" ரோசென் ஏணிப் படியிலேயே நின்றாள். "பதினோரு வருஷம் அத்தை... ஒரு வார்த்தைதானே..."

எல்வினாவின் உதடு அசைந்தது. அதற்குள் பரண் பலகை அசைந்துவிட்டது. பழைய பலகை. பெட்டியும் கிழவியுமாகச் சேர்ந்து கீழே போனார்கள். கீழே மாடுகள் தண்ணீர் குடிக்கும் கருங்கல் தொட்டி.

சத்தம் கேட்டு எட்கரும் ஹில்டாவும் ஓடி வந்தார்கள். தொட்டி இரண்டாகப் பிளந்து கிடந்தது. தண்ணீர் தொழுவமெங்கும் ஓடியது. நடுவில் எல்வினா உட்கார்ந்து பாவாடையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

எட்கருக்குப் பேச்சுக்கு முன் கைதான் ஓடியது. பக்கத்து வாளியில் ஒரு குவளைப் பாலை மொண்டு தாயின் வாயருகே கொண்டுபோனான்.

"குடிம்மா. தெம்பு வரும். குடி."

எல்வினா குவளையைத் தட்டிவிட்டாள்.

"வேண்டாம்டா. எனக்குப் பால் ஆகாது. உங்கப்பா வீட்டுக்கு வந்த நாள்லேருந்து ஒரு சொட்டும் வயித்துல தங்கினதில்லை."

அசைபோட்டுக்கொண்டிருந்த மாடுகள் நிறுத்தின. பரிசு வாங்கிய மாடு எல்வினாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சுவர்ப்பக்கமாகத் திரும்பிக்கொண்டது.

"அப்போ... தினம் வெச்ச பாலு?" என்றாள் ஹில்டா.

"ஜெரானியத்துக்கு."

"இத்தனை வருஷமாவா?"

"அது நல்லாத்தானே இருக்கு," என்றாள் எல்வினா. பிறகு ஏணியில் இறங்கிவந்த ரோசெனைக் காட்டினாள். "இவளுக்குத் தெரியும். சொல்லாதேன்னு நான்தான் வாயைக் கட்டினேன். என் மானத்துக்காக இவ பொட்டி கட்டற வரைக்கும் போனா. நான் ஊசியை நகர்த்திக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்... என்னை மாதிரி ஒருத்தி உண்டா?"

மருத்துவர் வந்து தட்டிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார். ஒன்றும் முறியவில்லை. "நல்ல சாப்பாடு எலும்பு தேயறதைக் கொஞ்சம் நிறுத்திவைக்கும். அவ்வளவுதான். கல்லை உடைக்கிற எலும்பை எந்தச் சாப்பாடும் குடுக்காது," என்றார் திட்டவட்டமாக. பிறகு தொட்டியைப் பார்த்துவிட்டு, தொப்பியைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டார்.

எட்கர் நசுங்கிய பெட்டியைத் தூக்கி வீட்டுக்குள் வைத்தான். மனைவியின் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை.

"ரோசென்... நான் கேட்டிருக்கணும். கேட்காமயே போன்னு சொல்லிட்டேன்."

"கேட்டீங்க. நான்தான் சொல்லலை. ஆனா பதினோரு வருஷத்துல நான் ஒரு தடவையாவது உங்கம்மாவுக்குக் கெடுதல் செஞ்சிருப்பேனான்னு உங்க மனசைக் கேட்கலையே... அதுதான் வலிக்குது."

எல்வினா எழுந்து வந்தாள். மருமகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். ரோசெனின் விலா நொறுங்கும் போலிருந்தது, ஆனாலும் அவள் விடச் சொல்லவில்லை.

"இனிமே நீ போறேன்னா நானும் அந்தக் கப்பல்ல வரேன்."

"நீங்க ஏறினா கப்பல் தாங்காது அத்தை," என்றாள் ரோசென், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

மத்தியானம் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். எல்வினா பிள்ளைகள் பார்க்க, நெட்டைக் கோசு சூப்பைத் தலை நிமிர்ந்து குடித்தாள். எட்கர் தன் தட்டை மனைவி முன்னால் நகர்த்தினான். ஹில்டா வெகுநேரம் இலையை முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, "உப்பு கம்மி, தங்கச்சி," என்றாள். ரோசெனை அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

இவ்வளவும் நடந்தது நடந்தபடி. குறைத்துச் சொன்ன இடங்களில் ஒன்று மட்டும் பாக்கி: எல்வினா ரெனூஃபுக்குக் கடைசிவரை கல்யாணம் ஆகவில்லை, பிள்ளைகளும் கிடையாது.