சிவப்புத் தட்டு ஆறிப்போச்சு!

திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்கு அறிவியல் அறையில் இருந்தவர்கள் இவர்கள். கரும்பலகைக்குப் பக்கத்து நாற்காலியில் மகேஸ்வரி மிஸ். முதல் மேசையில், குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தமிழ்ப்ரியா. அதே மேசையின் இடது ஓரத்தில், சிவப்பு விளக்குக்கு அடியில் இருந்த கண்ணாடித் தட்டில், ஆறு தட்டைப்புழுக்கள். வலது ஓரத்தில், கறுப்புத் துணி மூடிய தட்டில், இன்னும் ஆறு.

அவளுடைய வகுப்புத் தோழன் தருண்குமார் மட்டும் அங்கே இல்லை. அவன் வெளியே குழாயடியில் குடுவை கழுவிக்கொண்டிருந்தான்.

தட்டைப்புழு என்றால் பயப்பட ஒன்றுமில்லை. வெட்டிப் போட்ட நகம் அளவுதான் இருக்கும். அதற்கு ஒரு வித்தை தெரியும். உடம்பை வெட்டினால் புண் மூடி, போன தலை திரும்ப முளைத்துவிடும்!

"சிவப்பு வெளிச்சம் பட்டால் புண் சீக்கிரம் ஆறுமா? நீங்களும் பார்த்துச் சொல்லுங்கள்" என்று மைசூரில் ஆய்வுக்கூடம் வைத்திருக்கும் சேகரன் சார், பள்ளிக்குப் பன்னிரண்டு புழுக்களை அனுப்பியிருந்தார். ஒழுங்காகச் செய்யும் பிள்ளைகள் ஆய்வுக்கூடத்துக்கே வந்து பெரிய நுண்ணோக்கியில் பார்க்கலாம் என்றும் சொல்லியிருந்தார்.

போன திங்கட்கிழமை மிஸ் பன்னிரண்டையும் வெட்டினார். தருண் கண்ணை மூடிக்கொண்டான். அன்றிலிருந்து இடது தட்டுக்கு மட்டும் பள்ளி நாட்களில் தினமும் பத்து நிமிடம் சிவப்பு வெளிச்சம். புதுத் தலையில் இரண்டு கண் புள்ளிகள் தெரியும் நாளில் 'ஆறியது' என்று எழுத வேண்டும். எழுதுவது தமிழ்ப்ரியாவின் வேலை.

மிஸ் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தார்.

"சிவப்புத் தட்டு நாலாம் நாள் ஆறியது. இருட்டுத் தட்டு ஏழாம் நாள்... ஏய், மூணு நாள் வித்தியாசமா!"

"ஆமா மிஸ். நாலாம் நாள் வெள்ளிக்கிழமை. நான் மாமா கல்யாணத்துக்குக் கௌதள்ளி போய்ட்டேன்ல? தருண் போன்ல சொன்னான். இருட்டுத் தட்டுக்கு இன்னைக்குக் காலையிலதான் கண் வந்துச்சாம்."

"சேகரன் சாருக்கு இன்னைக்கே கடிதம் எழுதிடு. நாளைக்கு நான் கையெழுத்துப் போடறேன்."

தமிழ்ப்ரியா துள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் அப்பா லிங்கப்பன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கட்டட வேலையில் கம்பி கிழித்த புண், மூன்று வாரமாகியும் ஆறவில்லை. மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் கட்டு மாற்ற வேண்டும். கட்டு மாற்றுவது என்றாலே அப்பாவுக்கு முகம் சுருங்கிவிடும்.

"அப்பா! சிவப்பு வெளிச்சத்துல புழுவுக்கு மூணு நாள் முன்னாடியே ஆறிடுச்சு!"

அப்பா நிமிர்ந்தார்.

"நெசமாவா அம்மிணி?"

"நானே எழுதி வெச்சிருக்கேன்."

"அப்படின்னா எனக்கெதுக்கு ஆஸ்பத்திரி? ஒரு சிவப்பு பல்பு வாங்கி மாட்டிட்டாப் போச்சு."

"ஏனுங்க, நீங்க என்ன புழுவா?" என்றார் அம்மா பூவாத்தாள், அடுப்படியிலிருந்து.

"புழுவுக்குத் தலையே முளைக்குது. எனக்கு இந்தத் துளியூண்டு தோலு முளைக்காதா? நாளைக்கு நான் போகலை."

அப்பா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தமிழ்ப்ரியாவுக்கு முதலில் பெருமையாக இருந்தது. பிறகு அப்பாவின் காலில் இருந்த கட்டைப் பார்த்தாள். கடிதத்தின் முதல் வரியை எழுதிவிட்டு அப்படியே நிறுத்தினாள்.

அந்த நேரத்தில் தருண் வந்தான். அவள் மறந்து வைத்த பென்சில் டப்பாவைக் கொண்டுவந்திருந்தான். அவன் வீட்டிலும் தமிழ்தான். ஆனால் மூன்று தலைமுறையாக இங்கே மைசூரிலேயே இருக்கிறார்கள். பேசும் தமிழில் பாதி கன்னடம். தமிழ் எழுத்து அவனுக்குப் படிக்க வராது.

அம்மா அவனுக்குக் காபி கொடுத்தார்.

"குடி கண்ணு. ஆறிப்போச்சு பாரு."

தருண் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

"காபி ஆரிப்போச்சா? இதுக்குள்ள லைட் எங்க ஆன்ட்டி இருக்கு?"

"என்னடா உளர்ற?" என்றாள் தமிழ்ப்ரியா.

"லைட் நின்னு போனாத்தானே ஆரிப்போச்சும்பாங்க? கன்னடத்துல தீப ஆரிஹோய்த்து. எங்க வீட்ல, விளக்கு ஆரிப்போச்சு. அன்னைக்குப் போன்லகூடச் சொன்னேனே, கெம்புத் தட்டு ஆரிப்போச்சுன்னு!"

தமிழ்ப்ரியா பேனாவைக் கீழே வைத்தாள்.

வெள்ளிக்கிழமை அவள் கல்யாணத்துக்குப் போகும் ஹனூர் பஸ்ஸில் இருந்தாள். காற்றும் ஹார்னுமாக ஒரே இரைச்சல். "கெம்புத் தட்டு ஆரிப்போச்சு!" என்று அவன் கத்தினான். அவள் மடியில் குறிப்பேட்டை வைத்து, 'சிவப்புத் தட்டு ஆறியது' என்று அழகாக எழுதினாள். ரகரமும் றகரமும் எழுத்தில்தான் வேறு. பஸ்ஸில் கேட்ட காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

"அப்போ... அன்னைக்குப் புண் ஆறலையா?"

"புண்ணா? விளக்கோட செல் தீர்ந்து போச்சு. சனிக்கிழமை புதுசு போட்டேன். வெள்ளிக்கிழமை லைட்டே இல்ல."

"சிவப்புத் தட்டுல கண் எப்போ வந்துச்சு?"

"ரெண்டு தட்டுலயும் ஒண்ணாத்தான். இன்னைக்குக் காலையில. நீதான் இருட்டுத் தட்டைப் பத்தி மட்டும் கேட்ட."

மூன்று நாள் வித்தியாசம் காணாமல் போயிற்று. கூடவே அந்தப் பெரிய நுண்ணோக்கியும்.

தருணுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்தினான். "யாருக்கும் தெரியாதுல்ல? அப்படியே அனுப்பிட்டா?"

தமிழ்ப்ரியா அப்பாவைப் பார்த்தாள். அவர் சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார், பல்பை எங்கே மாட்டலாம் என்று. குறிப்பேட்டில் இருந்த ஒரு வரியை நம்பி ஒருவர் ஆஸ்பத்திரிக்கே போகாமல் இருக்கப் போகிறார். சேகரன் சாரும் அதை நம்பினால்? அவரிடமிருந்து இன்னும் எத்தனை பேர் கேட்டு நம்புவார்கள்?

"அப்பா, பல்பு வேண்டாம். நான் தப்பா எழுதிட்டேன்."

"ஏன், புழுவுக்கு ஆறலையா?"

"ஆறிடுச்சு. ஆனா வெளிச்சத்துலயும் இருட்டுலயும் ஒரே நாள்லதான் ஆறுச்சு. வெளிச்சம் உதவுமான்னு எங்களுக்கு இன்னும் தெரியாது. நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கப்பா."

அப்பா பெருமூச்சு விட்டார். "அந்தப் புழுகூட என் பக்கம் இல்ல."

"நாளைக்கு வெள்ளனே கிளம்புங்க" என்றார் அம்மா.

தருண் காபியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

"நான்தான் கெடுத்தேன்னு எழுதுவியா?"

"நீ எங்க கெடுத்த? நீ சரியாத்தான் சொன்ன. நானும் கேட்டதைத்தான் எழுதினேன். திருப்பிக் கேட்காம எழுதினேன், அதான் தப்பு."

அவள் முதல் வரி எழுதிய தாளை மடித்து வைத்துவிட்டு, புதுத் தாளில் எழுதினாள்:

'அன்புள்ள சேகரன் சார் அவர்களுக்கு, வணக்கம். இரண்டு தட்டுகளிலும் ஏழாம் நாள் காலையில்தான் கண் புள்ளிகளைப் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை பள்ளி விடுமுறை, அன்று யாரும் பார்க்கவில்லை. நான்காம் நாள் விளக்கு எரியவில்லை. அது தெரியாமல், அன்றே புண் ஆறியது என்று குறித்துவிட்டேன். ஒரே வார்த்தை எங்கள் இருவருக்கும் இரண்டு அர்த்தம் தந்துவிட்டது. வெளிச்சத்தால் புண் சீக்கிரம் ஆறுமா என்று எங்களால் சொல்ல முடியவில்லை. மறுபடி முதலிலிருந்து செய்து பார்க்க விரும்புகிறோம். இனி வார்த்தைக்குப் பதில் படம் போடுவோம்.'

"படத்தை நீ போடு" என்று பேனாவை நீட்டினாள்.

தருண் கடிதத்தின் அடியில் இரண்டு படங்கள் வரைந்தான். இரண்டு புள்ளிக் கண்ணோடு ஒரு புழு. குறுக்கே கோடு போட்ட ஒரு பல்பு. புழுவுக்கு வாயும் வைத்து, சிரிக்க விட்டான்.

மறுநாள் மகேஸ்வரி மிஸ் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"மூணு நாளும் போச்சா?"

"போச்சு மிஸ்."

மிஸ் பேனாவை எடுத்தார். பிறகு சிரிக்கும் புழுவுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். "தபால்காரர் பெட்டியைத் திறக்க அஞ்சு மணி ஆகும். அதுக்குள்ள போட்டுடுங்க."

மாலையில் பள்ளி வாசலில் அப்பா நின்றிருந்தார். காலில் புதுக் கட்டு, வெள்ளை வெளேரென்று.

"டாக்டர் என்னப்பா சொன்னாங்க?"

"உள்ளுக்குள்ள சீழ் கட்ட ஆரம்பிச்சிருந்துச்சாம். நல்லவேளை இன்னைக்கே வந்தீங்கன்னாரு." அப்பா உறையைப் பார்த்தார். "கடுதாசியில புழுங்களுக்கு என் வணக்கத்தையும் எழுதினியா?"

"அடுத்த கடிதத்துல எழுதறேன்பா."

மத்தியானச் சாப்பாட்டில் மிச்சம் வைத்திருந்த நாலு பருக்கைச் சோற்றைத் தேய்த்து அவள் உறையை ஒட்டினாள். தருண் அதை வாங்கி, ஒட்டிய இடத்தில் உஃப் என்று ஊதினான்.

"ஆரிடுச்சா பாரு."

தமிழ்ப்ரியா இடுப்பில் கை வைத்தாள். "எந்த ஆறு? சூடு ஆறுறதா, புண் ஆறுறதா, விளக்கா?"

"ஐயோ! பசை காய்ஞ்சிடுச்சான்னு கேட்டேன். கன்னடத்துல அதுவும் ஆரிடுச்சுதான்!"

அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். திருப்பிக் கேட்டாயிற்று, தொட்டும் பார்த்தாயிற்று.

"காய்ஞ்சிடுச்சு" என்று சொல்லி, கடிதத்தைச் சிவப்புப் பெட்டிக்குள் போட்டாள்.