ஏழாவது சந்து

அலமாரி நகர்ந்தால் அடிக்க வேண்டிய மணி அன்று அடிக்கவில்லை.

பூசான் துறைமுகக் குளிர்கிடங்கின் ஏழாவது சந்துக்குள் உறைந்த மீன் பெட்டிகளை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்த யுன்ரேவுக்கு, மதியம் குடித்த கடற்பாசி சூப்பின் சூடு வயிற்றில் ஆறுவதற்குள், காலுக்கடியில் தண்டவாளம் மெல்ல முனகுவது பூட்ஸையும் இரண்டு ஜோடி காலுறையையும் தாண்டி உள்ளங்காலில் தெரிந்தது. மூன்று மாடி உயர அலமாரிகள் அந்தத் தண்டவாளத்தில்தான் ஓடும். ஒரு சந்தைத் திறக்க வேண்டுமானால் இன்னொன்றை மூடியாக வேண்டும். பக்கத்தில் எதையோ மூடுகிறார்கள் என்று நினைத்தாள்.

வண்டி எதிர் அலமாரியில் இடித்தது. மூடுவது இந்தச் சந்தைத்தான்.

ஆள் இருப்பதைக் கண்டு அலமாரியை நிறுத்தும் சென்சாரின்மேல் போன வாரம்தான் டேப் ஒட்டியிருந்தார்கள். பனி படிந்து சும்மா சும்மா வேலையை நிறுத்துகிறதாம். சந்தின் வாயில் வண்டி குறுக்கே மாட்டிக்கொண்டது. கட்டைபோல இறுகிய மீன் பெட்டி ஒன்றை இடைவெளியில் செருகினாள். அது நொறுங்கியது. வாக்கி டாக்கியை உருவினாள்.

"தோக்சு! நிறுத்துடா! ஏழுல நான் இருக்கேன்!"

மோட்டார் நின்றது. இரு தோள்களிலும் இரும்பு. பக்கவாட்டில் திரும்பித்தான் நிற்க முடிந்தது.

"விளையாடாதீங்கக்கா." கட்டுப்பாட்டு அறையில் இருந்த தோக்சு சிரித்தான். "இப்பதான வெளிய வந்தீங்க? கேமராவுல தெரியுதே. கதவுகிட்ட நிக்கிறீங்க."

"அது நான் இல்லடா. சந்தத் திற."

"உங்க ஜாக்கெட்டுதான். முதுகுல உங்க பேரு இருக்கே."

யுன்ரே தன் மார்பைத் தொட்டாள். ஜாக்கெட் அவள் உடம்பில்தான் இருந்தது.

"மூஞ்சியப் பாரு. யாருன்னு பாரு."

"திரும்ப மாட்டேங்குறாங்க." சிரிப்பு போயிருந்தது. "அக்கா... அவங்க கையிலயும் வாக்கி டாக்கி இருக்கு."

இரைச்சல். பிறகு ஒரு பெண் குரல். லேசாக மூச்சிரைக்கும், கடைசி எழுத்தை இழுக்கும், யுன்ரேவின் குரல்.

"நான் வெளிய வந்துட்டேன்டா. மூடு."

யுன்ரே பொத்தானை அழுத்திக் கத்தினாள். போகவில்லை. ஒருவர் பொத்தானை விடும்வரை மற்றவர் பேச்சு போகாது. வெளியே நின்றவள் விடவில்லை.

மறுபடி கத்தினாள். சுவரெல்லாம் தடித்த பனி. சத்தம் அதிலேயே அடங்கியது.

தண்டவாளம் முனகியது.

கன்னத்தில் இரும்பு. முதுகில் இரும்பு. மூச்சை உள்ளே இழுக்க இடமில்லை.

கையில் இருந்த வாக்கி டாக்கியில் மட்டும், அவள் குரலிலேயே யாரோ நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.