பன்னிரண்டாவது பை

"அக்கா, இவன் உங்களை அம்மான்னு கூப்பிட்டுட்டான்னா என்ன பண்ணுவீங்க?"

நான்கு மாதக் குழந்தையைப் பெரியவளின் மடியில் கிடத்திவிட்டு நர்ஸ் படிப்புக்குக் கிளம்பிய அன்று, கொழுந்தன் மனைவியான சின்னவள் கேட்ட கேள்வி அது. "கூப்பிட விடமாட்டேன், போ!" என்றாள் பெரியவள். அன்று இருவருமே சிரித்தார்கள்.

இரண்டு வருடம் ஓடிவிட்டது. கொழுந்தன் இருக்கிற ஊரிலேயே சின்னவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. பத்து மணி நேரப் பயணம். பெரியவளின் கணவன் வாடகைக் கார் ஓட்டுகிறவன். அவன் வண்டியிலேயே குழந்தையைக் கொண்டுபோகிறார்கள். அங்கே ஒத்தாசைக்கு இருக்க மாமியாரும் வருகிறாள். பெரியவளை யாரும் முதலில் கூப்பிடவில்லை. குழந்தை கார் சீட்டில் பத்து நிமிடம் அடங்காது என்று நினைவு வந்த பிறகுதான், "கொண்டுபோய் விடுற வரைக்கும் நீயும் வா" என்றாள் மாமியார்.

கொண்டுபோய் விடுகிற வரைக்கும்...

கிளம்புகிற காலையிலேயே சண்டை.

"என் நீல நைட்டி எங்க? போன தடவை கதவுக் கொக்கியில மாட்டிட்டுப் போனேன்!" சின்னவள் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டிருந்தாள்.

"பழசுதானேம்மா, விடு" என்றான் பெரியவளின் கணவன்.

"பழசோ புதுசோ, என்னோடது மாமா. இந்த வீட்டுல இருக்கிறதே மூணு பேர். அதுக்குக் காலா முளைச்சுது?"

மாமியார் மூலையிலிருந்த தையல் மிஷினை ஒரு பார்வை பார்த்தாள். "துணி வெட்டுற கை சும்மா இருக்குமா? எவளுக்காவது உள்பாவாடை தெச்சுக் கொடுத்திருப்பா."

பெரியவள் வாய் திறக்கவில்லை. திறந்தால் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கும். அதை ஒரு தாயின் முகத்துக்கு நேரே சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

"பாத்தீங்களா அத்தை? பதிலே இல்ல!" என்று சின்னவள் பெட்டியைப் படாரென்று மூடினாள்.

குழந்தையை எல்லோரும் பூச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். பூச்சியின் சீட்டை, முன் சீட்டுக்குப் பின்னால் வார் போட்டுக் கட்டினார்கள். அவன் கைக்கு எட்டும்படி, முன் சீட்டின் முதுகில் பெரியவள் ஒரு துணியைத் தொங்கவிட்டாள். மிச்சத் துணிகளில் தைத்தது. பன்னிரண்டு சின்னப் பைகள். ஒன்றுக்கு வெல்க்ரோ, ஒன்றுக்குப் பிரஸ் பட்டன், ஒன்றுக்கு ஜிப், ஒன்றுக்குக் கொக்கி, ஒன்றுக்கு முடிச்சுப் போட்ட நாடா. போகப் போகத் திறக்கக் கஷ்டமாக இருக்கும். உள்ளே ஒரு நூல்கட்டை, ஒரு மரக் கரண்டி, ஒரு டப்பா மூடி, அளவு நாடா, ஒரு பழைய பர்ஸ்...

அழுகை வந்த பிறகு கொடுத்தால் பலிக்காது. அது மூக்கிலேயே நிற்கும்போது, மூக்கு ஓரம் லேசாகச் சிவக்கும்போது ஒரு பையைக் காட்ட வேண்டும். ஒரு நேரத்துக்கு ஒன்றுதான். அந்தக் கணக்கு அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

நான்கு மணி நேரம் வண்டிக்குள் சிரிப்புச் சத்தம்தான். பூச்சி ஜிப்பைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். "பெம்மா, இன்னொண்ணு!" பெரியம்மா என்பது அவன் வாயில் அப்படித்தான் வரும்.

"டேய் பூச்சி, அந்த லாரிக்கு வழி விடலாமா?" என்று பெரியப்பா கேட்பான்.

"வேணா!"

"சார் வேணாம்னுட்டாரு. லாரியெல்லாம் பின்னாடியே வாங்கப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். சின்னவள் மட்டும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை அவள் கையை நீட்டியபோது, பூச்சி அதைத் தள்ளிவிட்டுப் பெரியவளின் விரலைப் பிடித்துக்கொண்டான்.

டீ குடிக்க நிறுத்திய இடத்தில் அது வெடித்தது.

"இனிமே நான் பாத்துக்கறேன். ஒவ்வொண்ணா எதுக்கு ஏங்க விடறீங்க, புள்ளையை?" சின்னவள் மளமளவென்று மிச்சப் பைகள் எல்லாவற்றையும் திறந்து, அத்தனையையும் அவன் மடியில் கொட்டினாள். கடைசிப் பை மட்டும் வாய் தைத்திருந்தது. "இது என்ன? உங்க புதையலா?"

"அது கடைசியில..."

"எல்லாத்துக்கும் நீங்க நேரம் குறிச்சுக் கொடுப்பீங்க. நான் பெத்தவளா, பாக்க வந்தவளா? அக்கா, நீங்க முன்னால உக்காருங்க. அத்தை பின்னால வரட்டும். நீங்க கண்ணுல படறவரைக்கும் இவன் என்கிட்ட வரமாட்டான்... அப்படிப் பழக்கி வெச்சிருக்கீங்க!"

பெரியவள் கணவனைப் பார்த்தாள். அவன் டீ கிளாஸுக்குள் பார்த்தான். அவள் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

மடியில் கொட்டியது கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை. கரண்டி பறந்தது, மூடி பறந்தது. அப்புறம் அழுகை. "பெம்மா... பெம்மா..."

"திரும்பாதே" என்றாள் மாமியார். "திரும்பினா இன்னும் கத்துவான்."

அவள் திரும்பவில்லை. ஆனால் சீட்டின் வழியே அவன் கால் அவள் முதுகில் உதைத்தது. காலிப் பைகளை அவன் ஒவ்வொன்றாக இழுப்பது முதுகுத் தோலில் தெரிந்தது. வெல்க்ரோ... பட்டன்... ஜிப்... எதற்குள்ளும் எதுவும் இல்லை.

ஒரு மணி நேரம்! குரல் கம்மி, இருமி, மூச்சு வாங்கி அழுதான். சின்னவள் பாட்டுப் பாடிப் பார்த்தாள், பிஸ்கட் நீட்டினாள். கடைசியில் அவளே அழ ஆரம்பித்தாள். "என்னைப் பாருடா... நான்தான்டா..."

பெரியவள் நேரே ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "கடைசிப் பை. அது சங்கிலித் தையல். வலது ஓரத்துல நூல் நுனி நீட்டிட்டிருக்கும். பிடிச்சு இழு. மொத்தமும் பிரிஞ்சு வந்துடும்."

நூல் சரசரவென்று பிரிகிற சத்தம் கேட்டது. சின்னவள் உள்ளே கையை விட்டு எடுத்தாள்.

உள்ளங்கை இரண்டை விரித்த அளவில் ஒரு தலையணை. நீலத் துணி. ஓரத்தில் நைட்டியின் கழுத்துப் பூவேலை.

பூச்சி விசும்பலை நிறுத்தி அதைப் பார்த்தான். வாங்கி மூக்கில் வைத்துக்கொண்டான். "அம்மா" என்றான்.

அவன் தலையணையை மோந்தான். பக்கத்திலிருந்த அவள் கையையும் மோந்தான். மறுபடி தலையணை, மறுபடி கை. அப்புறம் அந்தக் கையிலேயே கன்னத்தைச் சாய்த்துக் கண்ணை மூடினான்.

"அக்கா..."

"போன தடவை நீ வந்தப்போ மூணு நாளும் கதவுக்குப் பின்னாலயே ஒளிஞ்சான். நீ அழுதுட்டே போனே. அந்த நைட்டியைத் துவைக்கல. தெனம் மத்தியானம் தூங்கறப்போ பக்கத்துல வெச்சு, இது யாருன்னு கேப்பேன். அம்மான்னு சொல்ற வரைக்கும் கேப்பேன்."

"காலையிலயே சொல்லியிருக்கலாமே! திருடின்னு சொல்லாத குறைதானே... ஏன்க்கா சொல்லல?"

"உன் புள்ளைக்கு உன் வாசனை தெரியாதுன்னு... உன் மூஞ்சியைப் பாத்து எப்படிடி சொல்றது?"

சின்னவள் முன் சீட்டின் முதுகில் நெற்றியை முட்டிக்கொண்டு குலுங்கினாள். கையை மட்டும் அசைக்கவில்லை. மாமியார் மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. பிஸ்கட் பாக்கெட்டை முன்னால் நீட்டினாள். "காலையிலேர்ந்து நீ ஒண்ணும் சாப்பிடலையே." பெரியவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிரிக்கவில்லை.

சாயங்காலம் போய்ச் சேர்ந்தார்கள். மூன்றாவது மாடி வீடு. கொழுந்தன் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. பூச்சி அம்மாவின் தோளில், தலையணையைக் கட்டிக்கொண்டு தூங்கினான். சின்னவள் ஒரு கையால் பெரியவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அந்த அணைப்பு முழுக்கக் கண்ணீர்.

"ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்கக்கா. எனக்காக."

பெரியவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். பூச்சி புரண்டான், உதடு எதையோ தேடியது. சின்னவள் சட்டென்று ஒரு அடி பின்வாங்கினாள். "அய்யோ, பேசாதீங்க! உங்க குரல் கேட்டா எழுந்து மறுபடி உங்ககிட்ட..." சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

அது கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. பெரியவளுக்கு அது தெரியும். தெரிந்ததால் வலி குறையவில்லை.

கீழே ரோட்டில் அவள் கணவன் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். முன் சீட்டின் முதுகில் பன்னிரண்டு பைகளும் வாய் பிளந்து தொங்கின.

அவள் குழந்தையைத் தொடவில்லை. வாசலில் கழற்றிய செருப்பு படியில் சத்தம் போடும். இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல், மூன்று மாடியும் வெறுங்காலோடு இறங்கிப் போனாள்.